வாடகை பாக்கி, நின்றுபோன ஃபிரிட்ஜ்: கவுன்சிலிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி கேட்ட தங்கச்சி லண்டனின் வடமேற்குப் பக்கம் இருக்கிறார். கணவருக்கு ஒரு வேர்ஹவுஸில் வேலை. இரண்டு மாதமாக ஷிஃப்ட் பாதியாகிவிட்டது. தனியார் வாடகை வீடு, ஒரு மாத வாடகை பாக்கி. ஐந்து வயதில் ஒரு பிள்ளை, ஒன்றரை வயதில் ஒரு பிள்ளை. போன வாரம் ஃபிரிட்ஜும் நின்றுவிட்டது. மின்சாரம் முன்கூட்டியே காசு போட்டு ஓட்டும் மீட்டர். கணவர் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர், இவருக்கு ஸ்பவுஸ் விசா. "அண்ணா, கவுன்சில் அவசரத்துக்குக் காசு தருமாம், உண்மையா? திருப்பிக் கட்ட வேண்டுமா? கேட்டால் என் விசாவுக்கு ஆபத்து வருமா?" என்று எழுதியிருக்கிறார்.

முதலில் சுருக்கமான பதில். உண்மைதான், கவுன்சில், அதாவது உங்கள் பகுதி உள்ளூராட்சி மன்றம், தரும். பெரும்பாலும் திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆனால் விண்ணப்பத்தை உங்கள் கணவர் தன் பெயரில் போடட்டும், நீங்கள் போட வேண்டாம். அதற்கான காரணத்தைக் கீழே சொல்லியிருக்கிறேன். மற்றதை எல்லாம் மேலோட்டமாகப் படித்தாலும் அந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள்.

நான் சில வருடங்களாக ஓர் ஆலோசனை நிலையத்தில் வாரம் ஒருநாள் இருந்து நம் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். விசா விஷயத்தில் ஆலோசனை சொல்ல இந்த நாட்டில் அனுமதி வேண்டும், எனக்கு அது இல்லை. ஆகவே விசா பற்றி நான் சொல்வது பொதுவான விதி மட்டுமே. காசு, படிவம், கவுன்சில் ஆகியவை நான் வாரந்தோறும் பார்க்கிற சங்கதி.

இந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் தெரிந்தால்தான் எங்கே தட்டுவது என்று விளங்கும். 1988 முதல் 'சோஷல் ஃபண்ட்' என்று மத்திய அரசே நடத்திய ஒரு ஏற்பாடு இருந்தது. கையில் காசே இல்லாதவருக்கு அதிலிருந்து கடன் கொடுப்பார்கள். புது வீட்டில் கட்டில், அடுப்பு இல்லாதவருக்கு மானியம் கொடுப்பார்கள். 2013 ஏப்ரலில் அந்த இரண்டையும் நிறுத்தினார்கள். ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் தங்களுக்கென்று நாடு முழுவதற்கும் ஒரே திட்டம் வைத்துக்கொண்டன. இங்கிலாந்திலோ பொறுப்பை ஒவ்வொரு கவுன்சிலிடமும் தள்ளிவிட்டார்கள், அதுவும் கட்டாயம் நடத்த வேண்டும் என்ற சட்டக் கடமை இல்லாமல். அதனால்தான் உங்கள் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு கவுன்சில் காசாகக் கொடுக்கும், அந்தப் பக்கம் இன்னொரு கவுன்சில் சுப்பர்மார்க்கெட் வவுச்சர் கொடுக்கும். தோழி ஒருத்திக்குக் கிடைத்தது என்பதற்காக உங்களுக்கும் அதே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்; அவளுக்கு மறுத்தார்கள் என்பதற்காக நீங்கள் கேட்காமல் விடவும் வேண்டாம்.

2021 அக்டோபரில், கவுன்சில்கள் இப்படி உதவுவதற்கென்று மத்திய அரசு கொடுக்கும் 'ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட்' வந்தது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீட்டி நீட்டியே 2026 மார்ச் வரை ஓட்டினார்கள். ஒவ்வொரு மார்ச்சிலும் "அடுத்த மாதம் இருக்குமா?" என்று கவுன்சில்காரர்களுக்கே தெரியாது. 2026 ஏப்ரலிலிருந்து அதன் இடத்தில் 'கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட்' வந்திருக்கிறது. இங்கிலாந்து முழுவதற்கும் வருடத்துக்கு 842 மில்லியன் பவுண்ட், மூன்று வருடத்துக்கு. வாடகைப் பற்றாக்குறைக்கென்று தனியாக இருந்த 'டிஸ்கிரெஷனரி ஹவுசிங் பேமென்ட்' என்பதையும் இதற்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். கோவிலிலோ தமிழ்ப் பள்ளியிலோ ஒட்டியிருக்கும் பழைய துண்டறிக்கையில் பழைய பெயர்தான் இருக்கும், குழம்ப வேண்டாம். கவுன்சில்கள் இதற்கு 'ஹார்ட்ஷிப் ஃபண்ட்', 'ரெசிடன்ட் சப்போர்ட்', 'லோக்கல் வெல்ஃபேர் அசிஸ்டன்ஸ்' என்று தமக்குப் பிடித்த பெயரும் வைத்துக்கொள்ளும். உங்கள் கவுன்சில் இணையத்தளத்தில் 'ஹார்ட்ஷிப்' என்று தேடினால் எப்படியும் அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேர்வீர்கள்.

லண்டனில் ஒரு வசதி: எல்லாவற்றுக்கும் ஒரே பரோ கவுன்சில்தான். லண்டனுக்கு வெளியே சில இடங்களில் கவுண்டி கவுன்சில் ஒன்று, டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் ஒன்று என்று இரண்டு அடுக்கு உண்டு. அங்கே அவசரக் காசுக்கு ஒரு கதவும், வாடகைக்கும் கவுன்சில் டாக்ஸுக்கும் (வீட்டுக்குக் கவுன்சில் வாங்கும் வரி) வேறு கதவுமாக அலைய வேண்டியிருக்கலாம்.

இந்தக் காசு யாருக்கும் உரிமை கிடையாது. யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசு தரும் மாதக் காசு) என்றால் தகுதி இருந்தால் தந்தே ஆக வேண்டும், மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கவுன்சிலின் அவசர உதவி அப்படியல்ல. ஒரு அதிகாரி உங்கள் படிவத்தைப் படித்து, தன் கையிலுள்ள கொள்கைத் தாளையும் மிச்சமிருக்கும் காசையும் பார்த்து முடிவு செய்கிறார். கவுன்சில்களின் நிலையும் உங்களுக்குத் தெரியும்: 2020இல் குரொய்டனும் 2023இல் பேர்மிங்ஹாமும் வரவு செலவைச் சமாளிக்க முடியவில்லை என்று அதிகாரபூர்வமாகவே அறிவித்தன. ஆகவே படிவத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

நான் ஆரம்பத்தில் நிரப்பிய படிவம் ஒன்று இன்னும் ஞாபகம் இருக்கிறது. நம்முடைய ஒரு அக்கா, கணவர் விட்டுப் போய்விட்டார், மூன்று பிள்ளைகள். "என்ன கஷ்டம்?" என்ற இடத்தில் "பணக் கஷ்டம், தயவுசெய்து உதவவும்" என்று நான் மரியாதையாக ஒரே வரியில் எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் மறுப்பு வந்தது. அவருக்குக் கஷ்டம் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அவசரம் என்று காட்டப்படவில்லை என்றார்கள். சரியான பேச்சுத்தான், எழுதிய பிழை என்னுடையது. திரும்ப எழுதினோம்: இன்ன தேதி வரை மீட்டரில் இவ்வளவு மிச்சம், அடுத்த காசு வருவது இன்ன தேதி, இடையில் ஒன்பது நாள், கடைக்குட்டிக்கு ஆஸ்துமா, நெபுலைசருக்கு மின்சாரம் வேண்டும். அடுத்த நாளே மீட்டர் வவுச்சர் வந்தது.

நம் ஆட்களுக்கு இது கஷ்டம்தான். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதிலும் எழுத்தில், அதிலும் வெள்ளைக்காரனுக்கு. ஆனால் படிவம் படிக்கிறவருக்கு உங்கள் முகம் தெரியாது. எண்ணும் தேதியும்தான் அவருக்குத் தெரியும். உங்கள் விஷயத்தில் நான் என்றால் இப்படி எழுதுவேன்: கணவரின் சம்பளம் முன்பு மாதம் எவ்வளவு, இப்போது எவ்வளவு, எந்த வாரத்திலிருந்து குறைந்தது. கையிலும் வங்கியிலும் இன்று இருப்பது எவ்வளவு. அடுத்த சம்பளம் எந்தத் தேதி. ஃபிரிட்ஜ் எந்த நாள் நின்றது, ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பாலும் சமைத்த சாப்பாடும் வைக்க வேறு வழி இல்லை, தினமும் சின்னச் சின்னதாக வாங்குவதால் செலவு கூடுகிறது. வீட்டுக்காரர் என்ன சொல்லியிருக்கிறார். உதவி கிடைக்காவிட்டால் இந்த வாரம் என்ன நடக்கும். இந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. முடிவைத் தீர்மானிக்கிற வரியே அதுதான்.

கேட்பதையும் தெளிவாகக் கேளுங்கள். "உதவி வேண்டும்" என்றால் அவர்களுக்கு இலகுவானதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அநேகமாக ஒரு சாப்பாட்டு வவுச்சர். "ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு வாரத்துக்கு மின்சாரம், ஒரு வாரச் சாப்பாடு, வாடகை பாக்கி" என்று நாலையும் தனித்தனியாக எழுதுங்கள். ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்குக் காசு தராமல், அவர்கள் ஒப்பந்தம் வைத்திருக்கும் கடையிலிருந்து நேராக வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. ஆகவே கவுன்சில் முடிவு வருமுன் கடனுக்கு வாங்கிவிட்டு ரசீதை நீட்டாதீர்கள். ஏற்கெனவே செலவழித்ததைப் பெரும்பாலும் திருப்பித் தரமாட்டார்கள்.

வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், ஒரு மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ. இங்கேதான் நம் ஆட்கள் மாட்டுவது. மாதம் இருநூறு பவுண்ட் ஒருவர் பெயருக்குப் போகிறது. என்ன அது? சீட்டுக்காசு. திடீரென்று ஆயிரம் வந்திருக்கிறது. அது? மச்சான் தந்த கைமாற்று. ஊரில் அம்மாவுக்கு அனுப்பிய காசும் அதில் இருக்கும். இதெல்லாம் குற்றம் இல்லை. ஆனால் விளக்கம் இல்லாமல் பார்க்கிறவருக்கு ஒளித்து வைத்த சேமிப்பு மாதிரித் தெரியும். கேட்கும் வரை காத்திருக்காமல் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள்: இது கைமாற்று, திருப்பிக் கொடுக்க வேண்டியது, இது சீட்டு, என் முறை இன்ன மாதம். சீட்டு ஏற்கெனவே எடுத்திருந்தால் அது கடன், எடுக்கவில்லை என்றால் அது சேமிப்பு. இரண்டையும் மாற்றிச் சொல்லாதீர்கள். பொய் மட்டும் வேண்டவே வேண்டாம். படிவத்தின் அடியில் போடும் கையெழுத்துக்குச் சட்டத்தில் பெறுமதி உண்டு.

சரி, இப்போது வாடகை. அவசர உதவியிலிருந்து ஒரு மாத வாடகை பாக்கியைத் தீர்ப்பது நடக்காதது இல்லை, ஆனால் அந்த வாடகை உதவி வழக்கமாக யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பகுதியோ பழைய வாடகை உதவியான ஹவுசிங் பெனிஃபிட்டோ எடுப்பவர்களுக்குத்தான். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கணவர் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு இதுவரை போடவே இல்லை போலிருக்கிறது. வேலை செய்கிறவருக்கு அது கிடைக்காது என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. தவறு. சம்பளம் குறைந்தால் கிடைக்கும். உங்கள் இருவரின் சேமிப்பும் சேர்த்து 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால்தான் கிடையாது. இன்றைக்கே இணையத்தில் போடச் சொல்லுங்கள், ஏனென்றால் போட்ட நாளிலிருந்து முதல் காசு வர ஐந்து வாரம் ஆகும். இடையில் முற்பணம் கேட்கலாம். அது கடன்தான், வட்டி இல்லை, 24 மாதம் வரை பிரித்துக் கழித்துக்கொள்வார்கள். எடுக்கக் கூடாது என்று சொல்லமாட்டேன், ஆனால் முழுவதையும் எடுக்க முதல் கவுன்சிலிடம் கேளுங்கள். முற்பணத்தை முழுவதும் எடுத்துவிட்டு இரண்டு வருடம் ஒவ்வொரு மாதமும் குறைந்த காசில் தட்டுத் தடுமாறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கவுன்சிலில் கிடைப்பது மானியம், அது யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் வருமானமாகவும் சேராது.

யூனிவர்சல் கிரெடிட் வந்தாலும் முழு வாடகையையும் அது தாங்காது. தனியார் வீட்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2024 ஏப்ரலில் உயர்த்திய அந்த வரம்பு பிறகு அங்கேயே நிற்கிறது; லண்டன் வாடகை நிற்கவில்லை. அந்த இடைவெளிக்காகத்தான் கவுன்சிலின் வாடகை உதவி இருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட் முடிவு வந்த அன்றே அதற்குப் போடுங்கள். அதுவரை வீட்டுக்காரரிடம் "யூனிவர்சல் கிரெடிட்டுக்குப் போட்டிருக்கிறோம், இன்ன தேதிக்குள் பதில் வரும்" என்று எழுத்தில் சொல்லி வையுங்கள், வாட்ஸ்அப்பாக இருந்தாலும் சரி. நம் தமிழ் வீட்டுக்காரர் என்றால் வாய்ப்பேச்சில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைப்போம், பிறகு ஒருநாள் நோட்டீஸ் கடிதம் வரும். அப்படி வந்தால் பயந்து பெட்டி கட்ட வேண்டாம். 56 நாளுக்குள் வீட்டை இழக்கும் நிலை இருந்தால் அதைத் தடுக்க உதவுவது கவுன்சிலுக்குச் சட்டக் கடமை, 2017இல் வந்த சட்டம். இது மேலே சொன்ன விருப்பக் காசு மாதிரி இல்லை. ஹவுசிங் பிரிவுக்கு நேராகப் போகலாம்.

கவுன்சில் டாக்ஸைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, அதுதான் எனக்குக் கவலை. யூனிவர்சல் கிரெடிட் போட்டால் கவுன்சில் டாக்ஸும் தானாகக் குறையும் என்று நினைத்துப் பலர் பல மாதச் சலுகையை இழந்திருக்கிறார்கள். குறையாது. 'கவுன்சில் டாக்ஸ் ரிடக்ஷன்' என்று கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், முன்தேதியிட்டுத் தருவதும் கஷ்டம். அதிலும் போதாமல் பாக்கி விழுந்தால், 1992ஆம் ஆண்டு உள்ளூராட்சி நிதிச் சட்டத்தின் 13ஏ பிரிவின் கீழ் பாக்கியைக் குறைக்கவோ முழுவதும் தள்ளுபடி செய்யவோ கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது. கவுன்சில்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கேட்கிறவருக்குத்தான் தெரியும். "தேர்ட்டீன் ஏ, ஒன், சி" என்று போனில் சொன்னீர்கள் என்றால் எதிர்முனையில் குரலே மாறும்! ஒரு தவணையைத் தவறவிட்டு, நினைவூட்டல் வந்த ஏழு நாளுக்குள்ளும் கட்டாவிட்டால் மிச்ச வருடத் தொகை முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். பிறகு நீதிமன்றம், பிறகு பெய்லிஃப், அதாவது கடன் வசூலிக்க வீட்டுக்கு வருகிறவர். அப்படி யாராவது முதல் தடவை கதவில் வந்து நின்றால் உள்ளே விட வேண்டிய கட்டாயம் இல்லை. கதவை உடைத்து வரவும் அவருக்கு அதிகாரம் இல்லை. ஜன்னல் வழியாகப் பேசி அனுப்பலாம்.

இனி விசா. உங்கள் விசாவில் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்று இருக்கும். அரசு உதவி எதையும் உங்கள் பெயரில் வாங்கக் கூடாது என்று பொருள். யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட், கவுன்சில் டாக்ஸ் சலுகை மட்டுமல்ல, கவுன்சில் தன் விருப்பத்தில் கொடுக்கும் நலக் காசும் அந்தப் பட்டியலில் சேரும். ஆகவேதான் ஆரம்பத்தில் அப்படிச் சொன்னேன். உங்கள் கணவர் பிரிட்டிஷ், அவருக்குத் தடை இல்லை. அவர் தன் உரிமையில் வாங்குவதை நீங்களும் சேர்ந்து சாப்பிட்டால் விதிமீறல் ஆகாது. நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள் என்பதால் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தால்தான் பிரச்சினை. யூனிவர்சல் கிரெடிட்டில் இதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்: உங்கள் விசா நிலையை அவர் சொன்னதும், தம்பதிக்கான தொகைக்குப் பதிலாகத் தனியாளுக்கான தொகையும் பிள்ளைகளுக்கான தொகையுமாகக் கணக்குப் போடுவார்கள். உங்கள் பெயரை மறைக்கக் கூடாது, சொல்ல வேண்டும். கவுன்சில் படிவத்திலும் அப்படியே: "மனைவிக்குப் பொது நிதி பெற அனுமதி இல்லை, இது எனக்கும் பிரிட்டிஷ் பிள்ளைகளுக்கும் மட்டும்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கவுன்சில் டாக்ஸ் சலுகையும் ஒரு பொது நிதிதான், அதைப் போடுமுன், நீங்கள் இருப்பதால் அவருக்குக் கூடுதலாகக் கிடைக்குமா என்று அனுமதி பெற்ற ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, விசாவை நீட்டிக்கும்போது காட்ட வேண்டிய வருமானம். 2024 ஏப்ரலுக்கு முன்பே இந்த வழியில் வந்தவர்களுக்கு 18,600 பவுண்ட், பிறகு வந்தவர்களுக்கு 29,000. கணவரின் ஷிஃப்ட் குறைந்தது அங்கே இடிக்கக்கூடும், பெனிஃபிட் காசை அந்தக் கணக்கில் சேர்க்கவும் முடியாது. உங்கள் விசா எப்போது முடிகிறது என்று இப்போதே பார்த்து, அனுமதி பெற்ற ஒரு குடிவரவு ஆலோசகரிடம் போங்கள். குடும்பம் சாப்பாட்டுக்கே வழியில்லாத நிலைக்கு வந்துவிட்டால் உங்கள் விசாவில் உள்ள பொது நிதித் தடையை நீக்கக் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு, அதையும் அவரிடமே கேளுங்கள். உணவு வங்கி, பள்ளி, தொண்டு நிறுவனங்கள் தருவது எதுவும் பொது நிதி கிடையாது. அவற்றை நீங்களே தாராளமாகக் கேட்கலாம். உணவு வங்கிக்கு வழக்கமாக ஒரு வவுச்சர் வேண்டும். பள்ளி, ஹெல்த் விசிட்டர் (சின்னப் பிள்ளைகளைப் பார்க்க வரும் தாதி), சிட்டிசன்ஸ் அட்வைஸ் (இலவச ஆலோசனை நிலையம்) என்று யாரிடமும் அது கிடைக்கும்.

மின்சாரத்துக்குக் கவுன்சில் பதில் வரும்வரை மீட்டர் நிற்கக் காத்திருக்க வேண்டாம். கம்பனிக்கு போன் செய்து, சின்னப் பிள்ளை இருக்கிறது என்று சொல்லுங்கள். மீட்டரில் அவசரக் கடன் இருக்கும், அது முடிந்தாலும் நிலைமையைப் பார்த்து இன்னும் கொஞ்சம் போட்டுவிடுவார்கள். யூனிவர்சல் கிரெடிட் வந்த பிறகு குளிர்காலத்தில் 150 பவுண்ட் 'வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட்' இருக்கிறது, பில் யார் பெயரில் இருக்கிறது என்பது அதற்கு முக்கியம். கணவர் பெயருக்கு மாற்றி வையுங்கள். மூத்த பிள்ளைக்கு லண்டன் அரசுப் பள்ளி என்றால் மதியச் சாப்பாடு ஏற்கெனவே இலவசம். சின்னவருக்கு நாலு வயது வரை பால், பழம் வாங்க உதவும் 'ஹெல்தி ஸ்டார்ட்' அட்டை, ஆனால் அதற்கு வருமான வரம்பு கடுமை, கணவர் வேலை செய்வதால் கிடைக்காமலும் போகலாம்.

மறுத்தால்? தீர்ப்பாயம் இல்லை என்றேன். ஆனால் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்கும், இல்லாவிட்டால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் எழுதுங்கள், முழுக் கதையையும் திரும்ப ஒப்பிக்க வேண்டாம். நடைமுறையில் அநியாயம் நடந்தது என்றால் கவுன்சிலின் முறைப்பாட்டு வழி முழுவதும் போய்ப் பார்த்த பிறகு ஒம்புட்ஸ்மனிடம் (கவுன்சில் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுதந்திர அமைப்பு) போகலாம், அது மாதக் கணக்கில் இழுக்கும். உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் சில வேளை அதைவிடச் சீக்கிரம் அசையும்.

கடன் பலதாகக் குவிந்திருந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அல்லது ஸ்டெப்சேஞ்ச் என்ற கடன் ஆலோசனைத் தொண்டு நிறுவனம் மூலம் 60 நாள் 'பிரீதிங் ஸ்பேஸ்' எடுக்கலாம். அந்த நாட்களில் அதில் சேர்த்த கடன்காரர்கள் வட்டி ஏற்றவோ துரத்தவோ முடியாது. மச்சானின் கைமாற்றும் கடைக்கார அண்ணனின் வட்டிக் காசும் நீங்கள் சொல்லாமல் அந்தப் பட்டியலில் ஏறாது. சட்டம் அவற்றுக்கும் பொருந்தும் என்று தெரிந்தாலும் நம் சனம் சொல்வதில்லை. அது உங்கள் விருப்பம். ஆனால் வாடகைக்கு என்று நூற்றுக்குப் பத்து வட்டியில் இன்னொரு தடவை வாங்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முதல் மேலே சொன்ன கவுன்சில் படிவத்தை நிரப்பிவிடுங்கள். அதற்கு ஒரு மணித்தியாலம்தான் ஆகும்.

நாளைக் காலை கவுன்சிலுக்குப் போன் செய்யும்போது கணவர் பக்கத்தில் இருக்கட்டும், பேச்சு அவர் பெயரில்தான் நடக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்" என்று கேளுங்கள், காசு கேட்கமாட்டார்கள். பிள்ளையை மொழிபெயர்க்க விட வேண்டாம். பேசியவரின் பெயர், நேரம், ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு வேலை நாளில் பதில் இல்லை என்றால் அந்த எண்ணைச் சொல்லித் திரும்ப போன் செய்யுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால், பெயரையும் விலாசத்தையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து பதில் எழுதுவோம்.